நாற்பத்தொன்றாம் எண் ஜாடி

மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரம்பம். முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கதவைச் சாத்திய அடுத்த நொடி சொல்வார்கள். அந்தக் கதவு வெறும் மெல்லிய பலகை என்பது இருபத்தேழு வருடமாக ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பல் மருத்துவக் கல்லூரியில் பல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, தேய்த்து, ஸ்லைடில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்படி செய்து கொடுப்பது என் வேலை. அறுக்கிற மெஷினும் ரம்பம், ஓட்டுகிறவளும் ரம்பம். போகட்டும். சும்மா இருக்கத் தெரியாத வாய் என்று என் அக்காவே சொல்வாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் நான் இருபத்தாறு வருடம் வாய் திறந்ததில்லை. அது என் அறை அலமாரியின் கடைசித் தட்டில் இருக்கிறது.

அறை சின்னது. ஜன்னலோரம் மெஷின், அதன் பக்கத்தில் தேய்க்கும் கண்ணாடிப் பலகை, எதிரே இரும்பு அலமாரி. மேல் தட்டுகளில் ஸ்லைடுப் பெட்டிகள். கடைசித் தட்டில் முப்பதிலிருந்து நாற்பத்தாறு வரை எண் போட்ட பதினேழு ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஃபார்மலினில் மூழ்கிய ஒரு சின்னத் தாடைத் துண்டு. வருடத்துக்கு ஒரு தடவை திரவம் மாற்றுவேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. தினமும் காலையில் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும், ஃபேனைப் போடுவதற்கு முன்னால், கண் அந்தத் தட்டுக்குப் போகும். தூங்குகிற குழந்தையை எழுப்பிவிட்டோமோ என்று பார்க்கிற மாதிரிதான்.

சின்ன டாக்டர் வந்தது ஒரு திங்கட்கிழமை. எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். துறைத் தலைவர் பெரிய டாக்டர் என்பதால் இவள் சின்ன டாக்டர். நல்ல பெண். தப்பு செய்தால் உடனே மன்னிப்புக் கேட்டுவிடுவாள், அதனால் அவளை நிம்மதியாகத் திட்டக்கூட முடியாது.

"அம்மா, கடைசித் தட்டு ஜாடியெல்லாம் எனக்கு வேணும்," என்றாள்.

"எதுக்கு, அழகு பார்க்கவா?"

"பிறப்புக் கோடு பார்க்கணும்."

பிறப்புக் கோடு என்றால் என்னவென்று அவள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்பல்லின் எனாமல் தாயின் வயிற்றுக்குள்ளேயே, நாலாவது மாதத்தில் படியத் தொடங்குகிறது. நாளுக்கு ஒரு படலம். பிறக்கிற அன்று அதைக் கட்டும் செல்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கதகதப்பு போகிறது, கொடி அறுகிறது, மூச்சு விட வேண்டும், பசிக்கிறது. அந்தக் குழப்பத்தில் கட்டிய படலம் ஒரு கருத்த கோடாக நின்றுவிடும். கோட்டுக்கு உள்ளே இருப்பது வயிற்றில் கட்டியது. வெளியே இருப்பது உலகத்தில் கட்டியது. பிறந்து ஒரு வாரம், பத்து நாளாவது உயிரோடு இருந்தால்தான் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும். இறந்து பிறந்த குழந்தையின் பல்லில் அது கிடையாது.

"உயிரோட இருந்த குழந்தைங்க பல்லுல நிறைய பார்த்துட்டேன்," என்றாள் சின்ன டாக்டர். "ஒப்பிட்டுப் பார்க்க, கோடே இல்லாத பல்லு வேணும். இந்தப் பதினேழும் இறந்து பிறந்ததுதானே? லேபிள்ல அப்படித்தான் இருக்கு."

"லேபிள்ல இருந்தா சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

நாற்பத்தொன்றாம் எண் ஜாடியின் லேபிளில் இருப்பது என் கையெழுத்து.

அதை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருடம் என் அக்கா உண்டானாள். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து. எனக்கோ புது வேலை, தலைகால் தெரியாத பெருமை. கரு ஸ்லைடுகளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் அவள் வீட்டுக்குப் போய் உள்ளே என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்தவள் போல அளந்துவிடுவேன்.

ஆறாவது வாரம்: வாய்க்குள் தோல் ஓரமாகக் கொஞ்சம் தடித்து, லாடம் போல ஒரு பட்டை. பல்லெல்லாம் அதிலிருந்துதான் வரும். எட்டாவது வாரம்: அந்தப் பட்டையில் மொட்டு, மேலே பத்து, கீழே பத்து. அதே சமயத்தில் நாக்கு வாய் முழுக்க அடைத்துக்கொண்டு மூக்குவரை முட்டி நிற்கும். அது கீழே இறங்கினால்தான் இரண்டு பக்கமும் தொங்குகிற மடிப்புகள் நிமிர்ந்து, நடுவில் ஒட்டி, அண்ணமாகும்.

"நாக்கு அடங்கினாத்தான் அண்ணமே கூடுமாம், பாரேன்," என்றேன்.

"உனக்கு எப்படிடி கூடுச்சு? உன் நாக்கு இன்னும் அடங்கலையே," என்றாள் அக்கா.

பிறகு மொட்டு குழிந்து தொப்பியாகும், தொப்பி இன்னும் குழிந்து மணியாகும். அந்த மணிக்குள்தான் பல் உருவாகும். மணி என்ற சொல் அக்காவுக்குப் பிடித்துப்போனது. வயிற்றிலிருந்தவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. உதைத்தால், "மணி அடிக்கிறான்" என்று சிரிப்பாள்.

பிரசவம் மோசமாகப் போனது. கல்லூரிக்கு எதிரே இருந்த ஆஸ்பத்திரி. அறுவைச் சிகிச்சை, நிற்காத ரத்தம், கடைசியில் கர்ப்பப்பையையே எடுத்தார்கள். அப்புறம் ஜுரம். ஐந்து நாள் அக்காவுக்கு நினைவு சரியாக இல்லை. மணி இரண்டு மாடி மேலே இன்குபேட்டரில் இருந்தான். நுரையீரல் சரியில்லை. ஆறாவது நாள் ஜுரம் இறங்கி அக்கா கண்ணைத் திறந்து, பிள்ளை எங்கே என்று கேட்டாள்.

அத்தான் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல மனிதர், அன்றைக்குத் தாடி மழிக்காமல் நோயாளி போல இருந்தார்.

"இன்னிக்கோ நாளைக்கோன்னு சொல்றாங்க. ஒரு தடவை பார்த்துட்டா இவ தாங்க மாட்டா. பிறக்கும்போதே உயிர் இல்லன்னு சொல்லிடலாம். நீ சொன்னா நம்புவா."

"பிழைச்சுட்டா?"

"பிழைச்சா ரெண்டு பேரும் அவ கால்ல விழுந்துடலாம்."

நான் போய்ச் சொன்னேன். அக்கா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதானே," என்றாள். "மேலேருந்து கேட்டுச்சே."

"அது வேற குழந்தைக்கா. ஆஸ்பத்திரின்னா குழந்தை அழாதா?"

அன்று சாயங்காலம் அவளுக்குப் பால் கட்டியது. செத்த பிள்ளைக்கு எதுக்குடி பால் என்று கேட்டாள். ஒரு பழைய துணியைக் கிழித்து அவள் மார்பை இறுக்கிக் கட்டிவிட்டேன். கட்டிவிட்டு நேரே மாடிக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணி வாயைக் குவித்துச் சப்பிக்கொண்டிருந்தான். வாயில் எதுவும் இல்லை.

இன்றைக்கோ நாளைக்கோ என்றார்களே, அவன் போகவில்லை. ஏழாம் நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எட்டாம் நாள் நினைத்தேன். ஒவ்வொரு நாள் போகப்போக, நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி கூடவே வளர்ந்தது. அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்தால் லிஃப்டில் இரண்டு நிமிடம். பதினோராம் நாள் விடிகாலை அவன் போய்விட்டான்.

முறைப்படி அடக்கம் செய்தால் தேதி போட்ட சான்றிதழ் வீட்டுக்கு வரும், அக்கா கண்ணில் படும். எங்கள் துறைக்கோ நிறைமாதத் தாடை ஒன்று தேவைப்பட்டது. இறந்து பிறந்தது என்றால் உடலைக் கல்லூரிக்குக் கொடுக்க ஒரே ஒரு பக்கப் படிவம்தான். இந்த வேலையில் இல்லாத ஒருத்திக்கு அந்த வழி தோன்றியே இருக்காது. அத்தான் கையெழுத்துப் போட்டார், நான் நிரப்பினேன். ஆஸ்பத்திரி மேல்மாடிப் பதிவேட்டில் உண்மை இருந்தது. ஆனால் இரண்டு இடத்துக்கும் காகிதம் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நானே, யார் ஒப்பிடப் போகிறார்கள்? மீதி உடலைக் கல்லூரியே புதைத்தது. எங்கே என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

வலது பக்கத் தாடையை நானே அறுத்தேன். வேறு கை படக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தேன். நூற்றுப் பன்னிரண்டு ஸ்லைடு. அந்த முறையில் முதலில் அமிலத்தில் ஊறப்போட வேண்டும். அமிலம் எனாமலைக் கரைத்துவிடும், கோடும் அதோடு போய்விடும். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பால்பல்லுக்குப் பின்னால், ஆறு வயதில் முளைக்க வேண்டிய பல்லின் கருவும் அந்த ஸ்லைடுகளில் துல்லியமாகத் தெரியும். நல்ல செட் என்று மாணவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். இடது பக்கம் ஜாடியிலேயே இருந்தது.

அத்தான் நாலு வருடத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டு, துணி பிரித்துத் தைத்துக் கொடுக்கிறாள். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போது மெஷின் நின்றிருந்தது. அக்கா ஊசியில் கை வைத்தபடி தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல அழறது யாரு வீட்டுக் குழந்தைடி?"

"மேல மொட்டை மாடிக்கா. தண்ணித் தொட்டிதான் இருக்கு."

"ஆமாமா," என்று மறுபடி தைக்க ஆரம்பித்தாள். வருடத்துக்கு நாலைந்து தடவை இப்படி நடக்கும். எப்போதும் மேலேயிருந்துதான் கேட்கும் அவளுக்கு. பக்கத்து வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ கேட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மற்ற பதினாறு ஜாடிகளை முடித்தேன். ஒன்றிலும் கோடு இல்லை. வியாழக்கிழமை காலை நாற்பத்தொன்றைத் திறந்தேன். கீழ் முன்பல், அரிசி அளவுகூட இல்லை. பிசினில் புதைத்து, இறுகவிட்டு, மெஷினில் அறுத்தேன். பிறகு கண்ணாடிப் பலகையில் விரல் நுனியால் தேய்த்து மெலிதாக்க வேண்டும். இந்த வேலையில் ஒரு விஷயம் உண்டு. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் எனாமல் ஓரம் பொடியாகிவிடும். நல்ல கைக்காரிக்கும் நடக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நாலு தேய். அவ்வளவுதான், இருபத்தாறு வருடமும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும்.

விரல் பலகையில் இருந்தது. என்னால் தேய்க்க முடியவில்லை. ஒரு தடவை அவனை மேல்மாடியில் மறைத்தாயிற்று. மறுபடியும் என்றால் நான் மனுஷியே இல்லை.

மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கோடு இருந்தது. அதற்கு வெளியே, தலைமயிரில் பாதிப் பருமனுக்கு, எனாமல். பெரிதாக்கிப் பார்த்தால் நாள்வாரிப் படலங்கள் தெரிந்தன. எண்ணினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். பதினொன்று. ஆறாவது படலம் எது என்றும் தெரிந்தது. அது கட்டப்பட்ட அன்றைக்குத்தான் நான் அவனைச் செத்தவன் என்று சொன்னேன். அதற்கு அப்புறமும் அவன் பாட்டுக்கு ஐந்து நாள் பல் கட்டியிருக்கிறான்.

சின்ன டாக்டர் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் உட்கார்ந்தேவிட்டாள்.

"இதுல கோடு இருக்கேம்மா. இறந்து பிறந்த குழந்தைக்குக் கோடு. அப்போ பிறக்காமலே, வேற காரணத்தாலயும் இது வரலாம்னு ஆகுது. இதை எழுதினா எல்லாரும் பேசுவாங்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என் பொய் அச்சேறி, ஊர் ஊராகப் போய், பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிற பாடமாக ஆகிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எழுதாதீங்க டாக்டர். லேபிள் பொய். பதினோரு நாள் உயிரோட இருந்தான். எழுதினது நான்தான்."

"உங்களுக்கு எப்படிம்மா..."

"எங்க அக்கா பையன்."

அவள் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவங்களைக் கேக்காம இதை இங்கே வெச்சிருக்க முடியாதும்மா. நான் பெரிய டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். திங்கட்கிழமை சொல்றேன். அதுக்குள்ளே நீங்க அவங்ககிட்ட சொல்லிடுங்க." அப்புறம் என்ன நினைத்தாளோ, "மன்னிச்சுக்கோங்கம்மா," என்றாள். அவள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

வீட்டில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தேன், மறுபடி வாயைத் திறந்தேன், "நாளைக்கு என் ரூமுக்கு வாயேன்" என்றுதான் வந்தது.

"என்னடி அதிசயம்? இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூப்பிட்டதில்ல. ரிடையராகப் போறேன்னு பயமா?"

"வாக்கா. ஒண்ணு காட்டணும்."

வெள்ளிக்கிழமை காலை வந்தாள். ஒரு கால் முட்டி சரியில்லை, படிக்கட்டைத் திட்டிக்கொண்டே ஏறினாள். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் இவ்வளவு அலட்டலா? என் தையல் ரூமே பெருசு," என்றாள். ஸ்டூலில் உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, மைக்ரோஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்தேன்.

"குறுக்கே ஒரு கருப்புக் கோடு தெரியுதா?"

"நூல் மாதிரி ஒண்ணு ஓடுது. என்னது இது?"

"பல்லு. மணியோட பல்லு. அந்தக் கோடு அவன் பிறந்த அன்னிக்கு விழுந்தது."

அவள் கண்ணை எடுக்கவில்லை.

"கோட்டுக்கு வெளியே வரிவரியா இருக்கு."

"ஒவ்வொண்ணும் ஒரு நாள்."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் சொன்னதை, நான் சொன்னதை, படிவத்தை, ஜாடியை. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே சொன்னேன், முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மேஜைமேல் அவள் விரல் ஒவ்வொன்றாக மடங்கியது. தையல் எண்ணிப் பழகியவள், எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பதினொண்ணு," என்றாள். "நீ என்கிட்ட வந்து சொன்னது எத்தனாவது நாள்?"

"ஆறு."

"அன்னிக்குத்தானே துணி கட்டிவிட்டே?"

"ஆமாக்கா."

"அவனுக்கு என்ன குடுத்தாங்க?"

"குழாய்ல. பவுடர் பால்."

மெதுவாக நிமிர்ந்தாள். கண்ணைச் சுற்றி மைக்ரோஸ்கோப்பின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது.

"மேலேன்னு சொன்னேன்ல," என்றாள். "எத்தனை தடவை சொன்னேன் உனக்கு."

நான்தான் அழுதேன். மன்னிச்சுடுக்கா என்றேன். அதை இப்போ பேசாதே என்று கையைக் காட்டிவிட்டாள்.

"அவனோடது வேற என்ன இருக்கு இங்கே?"

ஜாடியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஸ்லைடுப் பெட்டியையும் இறக்கினேன். எத்தனை என்று கேட்டாள். நூற்றுப் பன்னிரண்டு, இதோடு நூற்றுப் பதிமூன்று என்றேன்.

"எண்ணு. நான் பார்க்கணும்."

ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் காட்டி, பெட்டியில் திருப்பி வைத்தேன். அவள் எதையும் வேகமாகக் கடக்கவிடவில்லை. எண்ணி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வெளியே மணியடித்து மாணவர்கள் வகுப்பு மாறிப் போனார்கள். அப்புறம் ஜாடியை அருகில் இழுத்து லேபிளைப் படித்தாள். பையிலிருந்து நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, அதன் நுனியால் 'இறந்து பிறந்தது' என்பதை எழுத்து எழுத்தாகச் சுரண்டினாள். பழைய மை, லேசில் வரவில்லை. வரும்வரை விடவில்லை.

பெட்டியைத் துணிப்பையில் வைத்து, ஜாடியைத் தன் கைக்குட்டையில் சுற்றி அதன்மேல் வைத்தாள். நல்ல கனம். படிக்கட்டையும் அவள் முட்டியையும் நினைத்து நான் கையை நீட்டினேன்.

"விடு," என்றாள். "நான் தூக்கிக்கிறேன். இவனை நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கல."

பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கினாள். எதிரே ஏறி வந்த சின்ன டாக்டர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். அக்கா மேஜையில் மறந்துவிட்ட கத்தரிக்கோலையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.